நடுவிரல் மோதிரம்

சோப்புப் போட்டாச்சு, வரல. இன்னும் கொஞ்சம் போட்டுப் பாக்கணும். சபையோட பின்பக்கக் குளியலறையில கெடக்க இந்தச் சோப்பு யாரோ துணி துவைக்க வச்சிட்டுப் போனது, நுரை வாரதுக்கு முந்தி எரிச்சல் வருது. தகரக் கதவுல கொண்டி சரியா விழல, முதுகால முட்டுக்குடுத்துக்கிட்டு நிக்கேன். அம்பது தாண்டின பொம்பள, வெள்ளைச் சேலையக் கட்டிக்கிட்டு, தலைமுடிய அவுத்துப் போட்டுக்கிட்டு, பேய் மாதிரி. கண்ணாடி இல்லாதது நல்லதாப் போச்சு. வெளிய பாட்டு ஆரம்பிச்சிட்டு. பாட்டு முடிஞ்சா ஜெபம், ஜெபம் முடிஞ்சா தொட்டி. ஹாலுக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டியில கெணத்துத் தண்ணி நெறச்சு வச்சிருக்காவ, வரும்போதே எட்டிப் பாத்தேன், பாக்கவே குளிருச்சு. முழுக்கு ஞானஸ்நானம். இன்னைக்கு எடுக்கவங்கள்ல கடைசிப் பேரு என் பேருதான், பியூலா துரைசிங். தண்ணிக்குள்ள எறங்கும்போது ஒடம்புல பொட்டுத் தங்கம் இருக்கக்கூடாது, இந்தச் சபையில அது வழக்கம். போன மாசமே செயினு கழத்தியாச்சு, வளையலு கழத்தியாச்சு, கம்மலு கழத்தியாச்சு, தாலியையும் கழத்தி டப்பாவுல வச்சாச்சு. எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வந்துச்சு. இது மட்டும் மூட்டுக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, மாட்டேங்குது. திருகினா வலிக்கு. திருகாட்டா அசையல. சபைக்கு வந்து கழத்திக்கிடலாம்னு நெனைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். போட்டது கழலும்னுதான எல்லாரும் நெனைப்பாவ.

தப்பு விரலு மேல இல்ல. இது நடுவிரலுக்குன்னு செஞ்ச மோதிரமே கிடையாது. கல்யாணத்தன்னைக்கு எங்க பழைய கோயில்ல குருவானவரு மோதிரத்த ஜெபிச்சுக் குடுத்து, எந்த விரல்னும் மெதுவாச் சொல்லத்தான் செஞ்சாரு. எங்க வீட்டுக்காரவிய காதுல விழுந்தாத்தான? பயத்துல நடுவிரலப் பிடிச்சு மாட்டிட்டாவ. மாட்டினாவன்னா சும்மா இல்ல, ஆணி அடிக்க மாதிரி அமுக்கினாவ. மூட்டுல வந்து நின்னுச்சு. குருவானவரு தொண்டையக் கனைச்சாரு. அவிய அதுக்கும் பயந்து இன்னொரு அமுக்கு. உள்ள போயிட்டு. எனக்கு வலியில கண்ணுல தண்ணி வந்துட்டு. முன்வரிசையில இருந்த பொம்பளைக, பிள்ளைக்கு என்ன பக்தி பாருன்னு பேசிக்கிட்டாவளாம். வீட்டுக்கு வந்ததும் அவிய, 'மாத்திப் போட்டுருவமா?'ன்னு கேட்டாவ. நாந்தான் கெடக்கட்டும்னேன். கர்த்தருக்கு முன்னால போட்டது, போட்டபடியே இருக்கட்டும்னேன். சின்ன வயசு, எதையாவது பெரிசாச் சொல்லிரணும்னு ஒரு ஆசை. அப்புறம் விரலு தடிச்சுது, நானும் தடிச்சேன், மோதிரம் மட்டும் அதே அளவுல இருந்துட்டு. அது கெடக்கதே எனக்கு மறந்து போச்சு. தோசை மாவு கரைக்கும்போது அதுக்கு அடியில மாவு போயி அடைஞ்சுக்கிடும், அப்போதான் ஞாபகம் வரும், ஊக்கக் கொண்டு நோண்டி எடுப்பேன். அம்புட்டுத்தான் எனக்கும் அதுக்கும் உள்ள சவகாசம். கையில கெடந்தது, காதுல கெடந்தது எல்லாத்துக்கும் ஒரு டப்பா உண்டு, ஒரு பஞ்சு உண்டு. இதுக்கு டப்பாவே கிடையாது. கழத்தினாத்தான டப்பா வேணும்?

அவிய ஒரு சண்டை போட்டிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும். எதிர்ப்பு இருந்துச்சு, பாடு பட்டேன், ஆனாலும் வந்துட்டேன்னு சாட்சியில சொல்லலாம். தண்ணியில இருந்து ஏறினதும் ஒவ்வொருத்தரா மைக்கப் பிடிச்சுச் சாட்சி சொல்லணும், ஆண்டவரு எனக்கு என்ன செஞ்சாருன்னு. நானும் வெண்டைக்கா நறுக்கும்போதெல்லாம் சொல்லிப் பாத்து வச்சிருக்கேன், எங்க குரல எறக்கணும், எங்க அழணும்னு வரைக்கும். ஆனா இந்த மனுசன் எதிர்த்தாத்தான? 'சின்னப் பிள்ளையில தலையில தண்ணி தெளிச்சது பத்தலியாக்கும்'னு ஒரு தடவ கேட்டாவ, அதோட சரி. தாலியக் கழத்தினன்னைக்குக் கூட, 'எங்கப்பா எடுத்தது, பாத்து வை, செயின் முறுக்கு அத்துரும்'னுதான் சொன்னாவ. இன்னைக்குக் காலையில அவியளும் கோயிலுக்குப் பொறப்பட்டு நின்னாவ. மின்சார வாரியத்துல லைன் பாத்து ரிட்டயர் ஆனதுல இருந்து பாடகர் குழுவுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை தவறினதில்ல, கீழ்க்குரல்ல பாடுவாவ. காலரச் சரிபண்ணிக்கிட்டே என் கையப் பாத்தாவ. 'அதுவுமா?'ன்னாவ. 'எல்லாந்தான்'னேன். காலர விட்டுட்டுக் கிட்ட வந்தாவ. பொறவு, 'அத மட்டும் விட்டுரேன், பியூலா. அது ஒண்ணுதான் நானா சம்பாரிச்சு எடுத்தது'ன்னாவ. இந்த மனுசன் எங்கிட்ட எதையும் கேட்டதே கிடையாது. காப்பி கூடக் கேக்க மாட்டாவ. அடுக்களை வாசல்ல வந்து நின்னு கெடிகாரத்தப் பாப்பாவ, நானாப் புரிஞ்சுக்கிடணும். அப்பேர்ப்பட்ட ஆளு வாயத் தொறந்து கேட்டாவ. நான் என்ன சொன்னேன்? 'சபையில ஒத்துக்கிட மாட்டாவ.' நல்லா இருக்கு பதிலு. ரேஷன் கடையில அரிசி வரலன்னு சொல்ற மாதிரி. இட்லி மூடி வச்சது மூடி வச்சபடி இருக்க, ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயிட்டாவ. இப்போ எனக்குப் பயம் என்னன்னா, சண்டை வராது. சாயங்காலம் வெறும் விரலப் பாப்பாவ, பாத்துட்டு டிவியப் போட்டுட்டு உக்காந்துருவாவ. அவ்வளவுதான் நடக்கும். ஆனா அதுக்குப் பொறவு சாகிற வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாவ. கேட்டுப் பாத்தாச்சு, கெடைக்கலன்னு ஆயிரும். எனக்கு அது தெரியும். விரலு சிவந்து போச்சு. தண்ணிய ஊத்து, கொஞ்சம் ஆறட்டும்.

நான் ஒண்ணும் புத்தி கெட்டுப் போயி இங்க வரல. மஞ்சக் காமாலையில கெடந்தப்போ பழைய கோயில்ல இருந்து ஒரு ஆளு வரல, இந்தச் சபைப் பாஸ்டரம்மாதான் தூக்குல கஞ்சி கொண்டு வந்து, என் தலைமாட்டுல உக்காந்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஜெபத்த ஆரம்பிக்காம இருந்தாவ. கஞ்சி ஆறிரும்லா. அத நான் மறக்க மாட்டேன். ஆனா காரணம் அதுவும் இல்ல. காரணம் பழைய கோயில்ல ஒரு ஈஸ்டர். நற்கருணை வாங்க எல்லாரும் பீடத்துக்கு முன்னால வரிசையா முழங்கால்ல நிக்கோம், குருவானவரு கிண்ணத்த என் உதட்டுல வச்சாச்சு, திராட்சை ரசம் நாக்குல படுது, என் கண்ணு எங்க இருக்கு? பக்கத்துல முழங்கால்ல நிக்கவ கையில. புது வளையலு. கட்டித் தங்கமா இல்ல உள்ள அரக்கு வச்சதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஆண்டவரோட ரத்தம்னு சொல்லிக் குடுக்காரு, நான் இது தேயுமா தேயாதான்னு யோசிக்கேன். அன்னைக்கு எழுந்திரிச்சு நேரா வெளிய வந்துட்டேன். சத்தியமாச் சொல்லுதேன், அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததே இல்ல. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லையோ, இம்புட்டு வருசமா கோயிலுக்கு வந்ததெல்லாம் அடுத்தவ கழுத்தப் பாக்கத்தானோ. வீட்டுக்கு வந்து அழுதேன். தங்கம் கண்ணுக்குள்ள போயிட்டு, கண்ணுல இருந்து எடுக்கணும்னா முதல்ல ஒடம்புல இருந்து எடுக்கணும்னு தோணிச்சு. இங்க வந்து பாத்தா எல்லாரு கழுத்தும் வெறுமையா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. பாக்க ஒண்ணுமே இல்லைலா.

ஒண்ணுமே இல்லன்னு யாரு சொன்னா? கொஞ்ச நாளுல என் கண்ணுக்கு இங்கேயும் சோலி கெடைச்சிட்டு. காது. கம்மல் போடாம ரொம்ப வருசம் ஆனவங்களுக்குக் காதுத் தொளை தூர்ந்து போயிரும், ஒரு தழும்பு மாதிரி மட்டும் நிக்கும். பாஸ்டரம்மாவுக்குச் சுத்தமா மூடியாச்சு. முன்னால உக்காரவங்கள்ல பாதிப் பேருக்கு மூடியாச்சு. எனக்கு, போன மாசம் கழத்தினது, வெத்தலைக் காம்பு போகும், அம்புட்டுக்குத் தொறந்து கெடக்கு. அவுக காத நான் பாக்கிற பார்வை இருக்கே, அது வளையலப் பாத்த அதே பார்வை. எப்போ மூடும், எப்போ மூடும்னு கைய வச்சு வச்சுப் பாக்கேன். இதையெல்லாம் யாருகிட்ட போயிச் சொல்ல? ஜாய்ஸ் மைனிகிட்ட சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அவிய கூடப் பொறந்த அக்கா, வாயி கொஞ்சம் அப்படி. நான் நகையெல்லாம் கழத்திட்டேன்னு தெரிஞ்சதும் வீட்டுக்கே வந்துட்டா. 'ஏட்டி பியூலா, கழத்தினத எங்க வச்ச?'ன்னா. 'பேங்க் லாக்கர்ல மைனி'ன்னேன். 'அப்போ கழுத்துக்குத்தான் ரட்சிப்பு வந்திருக்கு, லாக்கருக்கு இன்னும் வரலன்னு சொல்லு.' நான் முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன். உபத்திரவம்னு சாட்சியில சேத்துக்கிட்டேன் அதையும். ஆனா மைனி சொன்னதுல என்ன தப்பு? கழத்தும்போது எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அதான் நெசம். கழத்திட்டு முதல் ஞாயித்துக்கிழமை உள்ள நடந்து வரும்போது எல்லாரும் திரும்பிப் பாத்தாவ பாரு, கல்யாணத்தன்னைக்குக் கூட என்னை அப்படி யாரும் பாக்கல. போட்டிருந்தப்போ கெடைக்காத மதிப்பு கழத்தினதும் கெடைச்சிட்டு. நல்ல யாவாரம். பாஸ்டரு ஒரு தடவ பிரசங்கத்துல சொன்னாரு, இருதயம் படுத்துத் தூங்குற எடம் எதுவோ அதுதான் ஒங்க சொத்துன்னு. என் இருதயம் எங்க படுத்திருக்கு? லாக்கர்ல இல்ல, அது நிச்சயம். பரலோகத்துல இருக்குன்னு சொல்ல ஆசை. ஆனா கண்ண மூடினா எனக்குத் தெரியிறது அந்த மைக்கு. நான் சொல்லச் சொல்ல ஹாலே அழுகுது.

கதவத் தட்டுதாவ. 'சிஸ்டர், ஆச்சா?' பாஸ்டரம்மா. 'வரமாட்டேங்குது, அம்மா'ன்னேன். உள்ள வந்து என் கையத் தூக்கிப் பாத்து, 'ஐயோ, வீங்கிப் போச்சே'ன்னு சொல்லிட்டு ஓடிப்போயித் தேங்காயெண்ணெயும் நூலும் கொண்டு வந்தாவ. விரல் மூட்டுல நூல நெருக்கமாச் சுத்தி, மோதிரத்துக்கு அடிவழியா நுனிய விட்டு, அவுத்துக்கிட்டே வந்தா மோதிரமும் கூடவே ஏறி வருமாம். அவுகளுக்கு அப்படித்தான் வந்துச்சாம். எனக்கு நூலு அந்துட்டு. திரும்பச் சுத்தினாவ. திரும்ப அந்துட்டு. அவுக நெத்தியில வேர்வை. என் கைய மடியில வச்சுக்கிட்டு ஊதி ஊதி விட்டாவ, பிள்ளை கையில சுட்டுக்கிட்டா ஊதுற மாதிரி. நல்ல பொம்பள. எனக்கு அவுகளப் பாக்கப் பாவமா இருந்துச்சு. அதோட, சொல்லக்கூடாது, நூலு அறுந்தப்போ உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். வரலன்னா நான் என்ன செய்ய, நான் பாடுபட்டுப் பாத்தேன்லா. அவியகிட்டயும், 'நீங்க சொன்னீங்கன்னுதான் கழத்தல'ன்னு சொல்லிரலாம். இங்க ஒரு பேச்சு, அங்க ஒரு பேச்சு. வெக்கமா இருக்கு. 'பரவால்ல, சிஸ்டர்'ன்னு பாஸ்டரம்மா எழுந்திரிச்சாவ. 'பாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நாளைக்கு ஆசாரிகிட்ட போனா ஒரு நிமிசத்துல வெட்டி எடுத்துருவாரு.' வெட்டின்னு சொன்னதும் மோதிரத்த அடுத்த கையால பொத்திக்கிட்டேன். தங்கம் போகுதேன்னு இல்ல. வெட்டினா ரெண்டு முனையும் விலகி நிக்கும், அத எப்படி அவிய கையில குடுக்க? குடுத்தா வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிடுவாவ. பேசாமப் போட்டுக்கிடுவாவ. தெரியும் எனக்கு.

எனக்கு முன்னால உள்ளவங்க ஏறியாச்சு. படியில கால வச்சேன், தண்ணி கத்தி மாதிரி குளிரு. சேலை குடை மாதிரி உப்புது, ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டே எறங்குதேன். பாஸ்டரு சின்ன வயசுக்காரரு, அவரு பல்லும் தந்தியடிக்குது, பாவம், முதல் ஆளுல இருந்து தண்ணிக்குள்ளயே நிக்காரு. என் கையப் பாத்தாரு. 'கட்டாயம் ஒண்ணும் இல்ல, சிஸ்டர்'ன்னு மட்டும் மெதுவாச் சொன்னாரு. அப்படிச் சொன்னா இன்னும் கட்டாயமா இருக்கு. கைய நெஞ்சுல குறுக்கா வைக்கச் சொன்னாரு. வச்சேன். முதுகுல அவரு கை. சுத்தி எல்லாரும் கைய உசத்திக்கிட்டு நிக்காவ. பிதா, குமாரன்னு அவரு ஆரம்பிக்கும்போது நான் ஆண்டவர நெனைக்கணும்னு நெனைச்சேன். நெனைப்பு எங்கயோ போகுது, அந்த இட்லிய எறும்பு மொய்ச்சிருக்குமோன்னு போகுது. அதுக்குள்ள சாய்ச்சிட்டாரு. காதுக்குள்ள தண்ணி. பாட்டுச் சத்தம் எங்கயோ தூரத்துல. ஒரு அமைதி, யாரோ என்னைக் கீழ எறக்கி வச்ச மாதிரி. பயமே இல்ல. இது நல்லா இருக்கேன்னு ஒரு நெனைப்பு, அம்புட்டுத்தான். தூக்கிட்டாரு. மூக்குல தண்ணி, கண்ணுல முடி, அல்லேலூயா, டாம்பரின் சத்தம், கைதட்டல். முடிய ஒதுக்கக் கையத் தூக்கினேன். கட்டைவிரலு தானாப் போயி நடுவிரலத் தடவுது. வழுவழுன்னு இருக்கு. மோதிரம் இல்ல.

போயிட்டு. சோப்பும் எண்ணெயும் குளிரும் சேந்து, அம்புட்டு நேரம் மல்லுக்கட்டி வராதது, தண்ணிக்குள்ள யாரும் தொடாமலே கழண்டுட்டு. நான் நின்னபடி நிக்கேன். என் புத்தி வேலை செய்யிற வேகத்தப் பாரு. சாட்சி தயாரா வந்து நிக்கு. நானாக் கழத்தல, மனுசர் கழத்தல, நூலு அறுந்துச்சு, எண்ணெய் தோத்துச்சு, ஞானஸ்நானத் தண்ணியில ஆண்டவரே கழத்திட்டாரு. இந்தச் சபை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இப்படி ஒரு சாட்சி யாரும் சொன்னதில்ல. பாஸ்டரம்மாவே சாட்சி, அவுகதான நூலு சுத்தினாவ. ஹாலே அழும். பக்கத்து ஊருச் சபைக்கெல்லாம் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுவாவ. அவியகிட்டயும் சொல்லலாம், 'நான் என்ன செய்ய, ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு.' அதுக்கு அவிய என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு வார்த்தை சொல்ல முடியாது. படிக்கட்டுல துண்ட விரிச்சுக்கிட்டு பாஸ்டரம்மா நிக்காவ. ஒரு எட்டு எடுத்து வச்சா போதும். மைக்கத் தொடைச்சு ரெடியா வச்சிருக்காவ. கால் எடுக்கப் போறேன். அத மட்டும் விட்டுரேன், பியூலா. காலையில அவிய கேட்டது. மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நானாத் திரும்ப முங்கிட்டேன். கண்ணத் தொறந்தா எரியுது, ஒண்ணும் தெரியல, பாஸ்டரு காலுதான் தெரியுது, அதத் தள்ளிவிட்டுத் தடவுதேன், சிமெண்டு வெடிப்பு, பாசி, யாரோ விட்ட ஹேர்பின், இது இல்ல, இது இல்ல. ஆண்டவரே, கெடைச்சிரணும். ஆண்டவரே, கெடைச்சிரணும். காலையில இருந்து எத்தனையோ ஜெபம் பண்ணிட்டேன், சத்தமாவும் பண்ணினேன், அழுதும் பண்ணினேன், முழு இருதயத்தோட பண்ணினது இது ஒண்ணுதான். நெஞ்சு வெடிக்கப் போகுது. தண்ணி போற ஓட்டைக்கிட்ட, சல்லடை மேல, இருக்கு.

மேல வந்தா எல்லாரும் முன்னவிட சத்தமாக் கத்துதாவ. ரெண்டாந்தரமும் முங்கிட்டேன்லா, ஆவி எறங்கிட்டுன்னு நெனைச்சுக்கிட்டாவ. முன்னால நிக்க ஒரு சிஸ்டர் கண்ணத் தொடைக்கா. பாஸ்டரு என் தோளப் பிடிச்சுக்கிட்டு, 'சிஸ்டர், என்னாச்சு? ஆண்டவரு பேசினாரா?'ன்னு கேக்காரு. ஆமான்னு சொல்லிரலாம். அதுக்கும் வழி இருக்கு, தலைய ஆட்டினாப் போதும். கைய நெஞ்சோட சேத்து மூடி வச்சிருக்கேன், உள்ள அது குளிர்ந்து கெடக்கு. இருமல் வருது, மூக்குல ஒழுகுது, எல்லாரும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்காவ. கையத் தொறந்து காட்டினேன். 'மோதிரம் விழுந்துட்டு, பாஸ்டர்'ன்னேன். 'எனக்கு இது வேணும்.' டாம்பரின் நின்னு போச்சு.